மறதிநோய்: பராமரிப்பைப் படித்தவர்கள் யார், என்ன செய்கிறார்கள்?

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதிப் பள்ளிவாசல் ஒன்றில் இரவு ஒரு மணிக்குப் பெரியவர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். சுப்ஹுக்கு இன்னும் ஏன் பாங்கு சொல்லவில்லை என்று மோதினாரிடம் சத்தம் போட்டார். மோதினார் கடிகாரத்தைக் காட்டியும் அவர் நம்பவில்லை. மறுநாளும் அதேபோல் வந்தார். நாற்பது வருடம் கடை நடத்தி, கணக்கில் காசு பிசகாமல் வியாபாரம் செய்தவர் அவர். மூன்றாம் நாள் வீட்டார் அவரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். வயசுக் கோளாறு என்றார்கள் சிலர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்றார்கள் சிலர். என்னிடம் ஓதிப் பார்க்க அழைத்து வந்தார்கள். நான் ஓதினேன். கூடவே, 'மருத்துவரிடமும் காட்டுங்கள்' என்று சொல்லத் தவறினேன். அவருக்கு வந்திருப்பது என்ன நோய் என்று பிள்ளைகளுக்குத் தெரிய அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் ஆனது.

அந்த ஒன்றரை வருடம் வேறொரு குடும்பத்துக்கும் வீணாகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். டிமென்ஷியா எனப்படும் மறதிநோயைக் கண்டறியவும், அதோடு வாழ்பவரைப் பராமரிக்கவும், பராமரிப்பவருக்குக் கற்றுக்கொடுக்கவும் என்றே படித்துப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நம் தமிழ்நாட்டிலும் பக்கத்துக் கேரளத்திலும் உலகம் கவனிக்கும் வேலையை அவர்கள் செய்திருக்கிறார்கள். பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இருக்கும் நமக்குத்தான் அவர்களைத் தெரியவில்லை.

மறதியும் மறதிநோயும்

வயதானால் மறதி வரும், உண்மைதான். குழம்பில் உப்புப் போட்டோமா என்று அம்மா மறந்துபோவது வயதின் மறதி. ஐம்பது வருடமாக ஆக்கிய அதே கறிக்குழம்பை எதில் தொடங்குவது என்று தெரியாமல் அடுப்பின் முன் நிற்பது நோய். மறதிநோய் என்பது ஒரே நோயின் பெயரும் அல்ல. மூளையின் பல நோய்கள் சேர்ந்து தரும் நிலை அது. அவற்றில் அதிகம் காணப்படுவது அல்சைமர் நோய். ஜெர்மனி மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர் 1906இல் ஒரு பெண் நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் கூட்டத்தில் விவரித்ததால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்தது. அடுத்தது மூளை இரத்தக் குழாய் அடைப்புகளால் வருவது. சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் கட்டுக்குள் இல்லாத வீடுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். நம் வீடுகளில் எத்தனை பேருக்கு இந்த இரண்டும் இருக்கின்றன என்று சொல்லத் தேவையில்லை.

2023இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரங்களைவிடக் கிராமங்களிலும் இது அதிகம் என்றும் கண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் 5,65,223 பேர், அரியலூர் மாவட்டத்தில் 7,54,894 பேர். பத்தில் ஒருவர் 60 வயதைக் கடந்தவர் என்று வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு மாவட்டங்களிலும் சேர்த்துப் பத்தாயிரம் பேருக்கு அருகில் வருகிறது. இது என் தோராயக் கணக்குதான். ஆனால் இதில் பாதியே உண்மை என்றாலும் மருத்துவரிடம் போனவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

மறதியோடு வருகிற எல்லாருக்கும் குணமாகாத நோய் இருப்பதில்லை. தைராய்டு குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, விழுந்து தலையில் அடிபட்டு மூளையைச் சுற்றி மெல்லக் கசிந்த இரத்தம், தூக்க மாத்திரை, இவற்றாலும் மறதிநோய் போன்றே தோன்றும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. இரண்டு மூன்று நாட்களுக்குள் திடீரென்று ஒருவர் குழம்பிப் பேசத் தொடங்கினால் சிறுநீர்த் தொற்றோ, உடலில் சோடியம் குறைந்ததோ காரணமாக இருக்கலாம். அது உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டிய நிலை. 'வயசாயிடுச்சு' என்ற ஒரே வார்த்தையால் இவர்கள் அனைவரையும் திண்ணையில் உட்கார வைத்துவிடுகிறோம்.

ஒருவரே செய்யும் வேலை அல்ல

மறதிநோய்க்கு எந்த டாக்டரிடம் போவது என்று கேட்கிறார்கள். முதியோர் நல மருத்துவர், நரம்பியல் மருத்துவர், மனநல மருத்துவர் என்ற மூவரில் யாரிடம் தொடங்கினாலும் சரிதான். மனநல மருத்துவர் என்றதும் நம் வீடுகளில் முகம் சுருங்கும். 'எங்க அத்தாவுக்குப் பைத்தியமா?' என்பார்கள். மறதிநோயைக் கண்டறிவதிலும் அதோடு வரும் சந்தேகம், பயம், தூக்கமின்மை ஆகியவற்றைச் சமாளிப்பதிலும் அவர்களுக்கு முறையான பயிற்சி உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முதியோர் மருத்துவம் தனித்துறையாக இந்தியாவில் வளர்ந்தது சென்னையில்தான். 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கியவர் டாக்டர் வ.செ. நடராசன். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கென்றே எம்.டி. படிப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. பெரம்பலூர் வழியாகப் போகிற சென்னை பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம். முதல் பரிசோதனைக்கே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை என்றாலும், உள்ளூரில் முடிவு தெரியாதபோது நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய இடம்.

மருத்துவருக்குப் பக்கத்தில் இருப்பவர் மருத்துவ உளவியலாளர். ஞாபகம், கவனம், சொல் தேடும் திறன், திட்டமிடும் திறன் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சோதித்து, எது குறைந்திருக்கிறது, எது இன்னும் திடமாக இருக்கிறது என்று சொல்பவர். இந்தியாவில் இதற்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும். பள்ளிக்கூடமே போகாத ஓர் அம்மாவிடம் ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொன்னால் அவர் நோயில்லாமலேயே தோற்றுப்போவார். அதனால்தான் ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த ஆய்வுக்காக எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்று தனிச் சோதனை உருவாக்கினார்கள். வாரத்தின் கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்வது, தன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்வது என்று கேள்விகள் மாறின. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும் கிராமத்து முதியவர்களுக்கென்றே நோயாளியிடம் கேட்பது ஒன்று, வீட்டாரிடம் கேட்பது ஒன்று என இரண்டு சிறு கேள்வித் தொகுப்புகளைத் தயாரித்தார்கள். ஆகவே உங்கள் அம்மாவைச் சோதிப்பவரிடம், 'இவங்க பள்ளிக்கூடம் போகலை, அதுக்கேத்த மாதிரி பாருங்க' என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தொழில்முறைச் சிகிச்சையாளர் வீட்டைப் பார்ப்பார். கழிப்பறை எங்கே, படுக்கை எங்கே, நடுவில் வெளிச்சம் இருக்கிறதா, அவரே சட்டை போட்டுக்கொள்ள என்ன மாற்றினால் முடியும் என்பது அவர் துறை. மனநல சமூகப் பணியாளர் குடும்பத்தைப் பார்ப்பார். யார் தூங்காமல் இருக்கிறார், யாருக்கும் யாருக்கும் சண்டை, பணம் எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் விசாரிப்பார். இங்கிலாந்தில் இதற்கென்றே தனிச் செவிலியர்கள் இருக்கிறார்கள். 1990 வாக்கில் தொடங்கிய அந்தப் பணிக்கு 'அட்மிரல் நர்ஸ்' என்று பெயர். ஜோசப் லெவி என்பவர் மறதிநோயால் பாதிக்கப்பட்டபோது அவர் குடும்பம் தொடங்கி வைத்தது. படகு ஓட்டுவதில் அவருக்கிருந்த ஆசையால் நண்பர்கள் அவரை 'அட்மிரல் ஜோ' என்று அழைத்ததால் அந்தப் பெயர். அந்தச் செவிலியர்கள் நோயாளியைக் கவனிக்கும் அளவுக்குக் குடும்பத்தையும் கவனிக்கிறார்கள்.

தென்னாட்டில் தொடங்கியவை

1992இல் கேரளத்தில் டாக்டர் ஜேக்கப் ராய் குரியாகோஸ் முன்னின்று இந்திய அல்சைமர் சங்கத்தைத் தொடங்கினார். பின்னாளில் அவர் உலக அல்சைமர் சங்கங்களின் கூட்டமைப்புக்கே தலைவரானார். 1998இல் கொச்சியில் நடந்த உலக மாநாட்டில்தான் '10/66' என்ற ஆய்வுக் குழு உருவானது. மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் வாழ்கிறார்கள், ஆனால் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது அல்ல என்பதே அந்தப் பெயரின் பொருள். சென்னையும் வேலூரும் அந்தக் குழுவின் ஆய்வுக் களங்களாக இருந்தன. அதற்கு முன்பே, 1997இல், சென்னையை அடுத்த திருப்போரூர் கிராமப்புறத்தில் ஆய்வு செய்த ராஜ்குமார், குமார், தாரா ஆகியோர் 60 வயதைக் கடந்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு நோய் இருப்பதாக எழுதியிருந்தார்கள். இன்றைய 7.4 சதவீதத்தோடு இதை ஒப்பிட்டு நோய் இரட்டிப்பாகிவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அளக்கும் முறை மாறியிருக்கிறது.

திருச்சூரில் டாக்டர் கே.எஸ். ஷாஜியும் அவர் குழுவினரும் செய்த வேலையை நம் வீட்டுப் பெண்கள் அவசியம் அறிய வேண்டும். நோயாளிகளின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிப்பவர்களிடம் பேசினார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் கவனித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களில் மருமகள்கள் பலர். இது ஒரு நோய் என்றே பல வீடுகளில் யாருக்கும் தெரியவில்லை. அந்த ஊரில் இதற்குச் 'சின்னன்' என்று ஒரு பெயர். மீண்டும் சிறுபிள்ளையாவது என்று பொருள். நம் பக்கத்திலும் 'பச்சப்புள்ள மாதிரி ஆயிட்டாங்க' என்றுதானே சொல்கிறோம்? அதே குழு ஊர் மட்டத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சில மணி நேரப் பயிற்சி மட்டும் கொடுத்து, 'உங்கள் பகுதியில் யாருக்கு இந்நோய் இருக்கலாம்?' என்று கேட்டது. அவர்கள் சுட்டிக்காட்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் இருப்பதை மருத்துவர்கள் உறுதி செய்தார்கள். வீடு வீடாகத் தெரிந்த ஒரு பெண்ணுக்குச் சில மணி நேரம் சொல்லிக்கொடுத்தாலே இவ்வளவு நடக்கிறது.

சென்னையில் 1984இல் டாக்டர் சாரதா மேனன் தலைமையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனம், மனச்சிதைவு நோய்க்காக உருவானது. பின்னர் மறதிநோய்க்கென்று 'டெம்கேர்ஸ்' என்ற பிரிவைத் தொடங்கியது. அதை நடத்திவருபவர் முதியோர் மனநல மருத்துவர் டாக்டர் ஸ்ரீதர் வைத்தீஸ்வரன். இங்கிலாந்தில் உருவான ஒரு குழுப் பயிற்சி முறையை அவர்கள் தமிழ்நாட்டுச் சூழலுக்கு மாற்றிச் சோதித்து 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு அமர்வு, ஏழு வாரம், மொத்தம் 14. ஆரம்ப, நடுத்தர நிலையில் உள்ள சிலரை ஒன்றாக உட்கார வைத்து, உணவு, சிறுவயது, பணம், ஓசைகள் என்று ஒவ்வொரு நாளும் ஒரு பொருளை எடுத்துப் பேச வைப்பார்கள். 'சரியாகச் சொல்லுங்கள்' என்று பரீட்சை வைப்பதில்லை, 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்றுதான் கேட்பார்கள். மருந்து இல்லாத சிகிச்சைகளில் நன்கு சோதிக்கப்பட்டவற்றில் இது ஒன்று.

இதைச் சொல்லும்போது ஹைதராபாத் ஆய்வு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. டாக்டர் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் எழுதினார்கள். இரண்டு மொழி பேசுபவர்களுக்கு ஒரு மொழி மட்டும் பேசுபவர்களைவிட நான்கரை ஆண்டுகள் தாமதமாக நோய் தொடங்கியிருந்தது, எழுத்தறிவு இல்லாதவர்களிடமும் அப்படியே. வீட்டில் பெரியவர்களோடு உருதுவும் தமிழும் கலந்து பேசுவதைப் பிள்ளைகள் கேலி செய்தால் இதைச் சொல்லுங்கள்.

கோவாவில் நடந்த ஒரு சோதனை

நம் இரு மாவட்டங்களுக்கு மிகவும் பொருந்துவது கோவாவில் டாக்டர் அமித் டயஸ் குழுவினர் செய்து 2008இல் வெளியிட்டது. நிபுணர்கள் போதாத ஊரில் என்ன செய்வது என்பதுதான் அவர்கள் கேள்வி. உள்ளூர் மொழி தெரிந்த, மேல்நிலைப் பள்ளி அளவுக்குப் படித்த, பிறரோடு பழகத் தெரிந்தவர்களைத் தேர்ந்தெடுத்து, ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, 'வீட்டுப் பராமரிப்பு ஆலோசகர்' ஆக்கினார்கள். மேலே ஒரு மனநல மருத்துவர் பகுதி நேரமாக மேற்பார்வை பார்த்தார். 81 குடும்பங்கள் இதில் பங்கேற்றன. ஆலோசகர் பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது வீட்டுக்கு வருவார். ஆறு மாதம் இப்படி நடந்தது. நோயை விளக்குவார், குளிப்பாட்டுவது, சாப்பிட வைப்பது, கோபத்தைச் சமாளிப்பது எப்படி என்று காட்டுவார். ஆறு மாத முடிவில் பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டிருந்தது. நோயாளியின் நடத்தையிலும் செயல்திறனிலும் உறுதியாகச் சொல்லும்படி மாற்றம் இல்லை. ஆய்வாளர்கள் அதையும் மறைக்காமல் எழுதினார்கள்.

எனக்கு இதைப் படித்ததும் தோன்றியது இதுதான். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் நிஸ்வான் மதரஸாவில் ஓதி ஆலிமாப் பட்டம் பெற்ற பெண்கள், பிளஸ் டூ முடித்து வீட்டில் இருக்கும் பெண்கள் எத்தனை பேர்! எந்த வீட்டுக்கும் தயக்கமின்றிப் போகக்கூடியவர்கள். ஒரு மாமியாரைக் குளிப்பாட்டுவது பற்றி மருமகளிடம் வெளிப்படையாகப் பேச ஆண் மருத்துவரால் முடியாது, அவர்களால் முடியும். ஜமாஅத் செலவில் நான்கு பேரை ஸ்கார்ஃப் போன்ற இடத்துக்கு அனுப்பிப் பயிற்சி பெற வைத்தால், மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரின் மேற்பார்வையில் அவர்கள் இதைத் தொடங்கலாம். ஆண்டு விழாப் பந்தலுக்கு ஆகும் செலவுகூட ஆகாது.

பயிற்சி பெற்றவர் எதை வித்தியாசமாகச் செய்கிறார்

பயிற்சி பெற்றவர் முதலில் விட்டுவிடுவது வாதத்தைத்தான். 'என் வளையலை மருமக எடுத்துட்டா' என்று அம்மா சொல்கிறார். வீட்டில் என்ன நடக்கும்? மருமகள் அழுவாள், மகன் கத்துவான், பீரோவைத் திறந்து காட்டுவார்கள். பத்து நிமிடத்தில் அம்மா மீண்டும் அதையே சொல்வார். பயிற்சி பெற்றவருக்கு இது நோயின் இயல்பு என்று தெரியும். வைத்த இடம் மறந்த மூளை, அந்த இடைவெளியை ஒரு கதையால் நிரப்பிக்கொள்கிறது. அவர் மறுக்காமல், 'அடடா, வாங்க தேடுவோம்' என்று கூடவே தேடுவார். தேடும்போதே பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த மருமகளிடம் தனியாக, 'இது உங்கள் மேல் உள்ள வெறுப்பு இல்லை, அதிகம் பக்கத்தில் இருப்பவர் மேல்தான் பழி விழும்' என்று சொல்வார். இந்த ஒரு வாக்கியம் கிடைக்காமல் உடைந்த வீடுகள் உண்டு.

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டாம் கிட்வுட் என்ற உளவியலாளர் இந்தத் துறையின் போக்கையே மாற்றியவர். அவரது முக்கியமான நூல் 1997இல் வந்தது. நல்ல எண்ணத்தோடு கவனிப்பவர்களே அறியாமல் நோயாளியின் கண்ணியத்தைக் குலைக்கும் வழிகளை அவர் பட்டியலிட்டார். ஏமாற்றிக் காரியம் செய்வது, குழந்தையைப் போல் அதட்டுவது, அவசரப்படுத்துவது, அவர் பக்கத்தில் இருக்கும்போதே இல்லாததுபோல் அவரைப் பற்றிப் பேசுவது என்று அது நீள்கிறது. பெற்றோர் முதுமையடையும்போது அவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதைப் பனூ இஸ்ராயீல் அத்தியாயத்திலிருந்து ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். 'இதுக்கு ஒண்ணும் தெரியாது' என்று அத்தாவின் முன்னாலேயே விருந்தாளியிடம் சொல்லும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

பொழுது சாயும் நேரத்தில் பலருக்குப் படபடப்பு கூடும். 'வீட்டுக்குப் போகணும்' என்பார்கள், சொந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டே. பயிற்சி பெற்றவர் அஸர் முடிந்ததுமே விளக்குகளைப் போடச் சொல்வார், டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்வார், பகல் தூக்கத்தைக் குறைத்துச் சிறிது நடக்க வைப்பார். 'வீடு' என்று அவர் கேட்பது பெரும்பாலும் தன் சிறுவயது வீட்டை, அங்கிருந்த பாதுகாப்பை. 'உங்க வீட்டுல யாரெல்லாம் இருப்பாங்க?' என்று கேட்டால் போதும், கால் மணி நேரம் பேசுவார்.

நம் ஊர்களில் அதிகம் நடப்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இரவு நடமாட்டம் தாங்க முடியாமல் தூக்க மாத்திரையும் மனநோய் மருந்தும் மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்கிறார்கள். சில மனநோய் மருந்துகள் மறதிநோய் உள்ள முதியோருக்குப் பக்கவாதம், மரணம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுகின்றன. தவிர்க்க முடியாத நேரத்தில், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன காலத்துக்கு மட்டுமே தர வேண்டியவை. பயிற்சி பெற்றவர் முதலில் வேறு காரணம் தேடுவார். மலச்சிக்கலா, பல்வலியா, சிறுநீர் எரிச்சலா? வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் அதைக் கோபமாகக் காட்டலாம். டொனிபெசில், மெமான்டின் போன்ற மறதிநோய் மருந்துகள் சிலருக்குச் சில காலம் ஓரளவு உதவும். நோயை நிறுத்துவதில்லை. இதைத் தெளிவாகச் சொல்லும் மருத்துவர் நல்ல மருத்துவர்.

தொழுகையும் கையெழுத்தும்

அத்தா ஒரே வக்தை நான்கு முறை தொழுகிறார், ரக்அத் மறக்கிறார், உளூ இல்லாமல் நிற்கிறார் என்று வந்து கேட்கிறார்கள். அறிவு நீங்கியவர் மீது மார்க்கக் கடமை இல்லை என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. தெளிவு வந்து போகும் நிலையில் இருப்பவருக்குத் தெளிவான நேரத்தில் முடிந்த அளவு. நிலை தெரிந்த ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொத்தின் ஜகாத் பற்றி மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு இருப்பதால் அதையும் கேளுங்கள். அத்தா விரும்பித் தொழ நின்றால் திருத்திக்கொண்டே இருக்காதீர்கள். மகளின் பெயர் தெரியாத ஒரு பெரியம்மா, ஃபாத்திஹாவைத் தொடங்கிவிட்டால் பிசகில்லாமல் முடிப்பதை நான் பார்த்திருக்கிறேன். சிறுவயதில் பதிந்து பலகாலம் திரும்பத் திரும்ப ஓதியது கடைசிவரை தங்க வாய்ப்பு அதிகம். உளவியல் படித்தவர்கள் இதையே பராமரிப்பில் பயன்படுத்துகிறார்கள். தஸ்பீஹைக் கையில் கொடுத்தால் அமைதியாகும் பெரியவர்கள் பலர்.

கையெழுத்து விஷயம் வேறு. நிலத்தை எழுதி வாங்க, வங்கிப் பணத்தை எடுக்க, புரியாத நிலையில் உள்ளவரிடம் ரேகை வாங்குகிறார்கள். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, தான் செய்வதைப் புரிந்து, அதனால் தனக்கு வரும் நன்மை தீமையை எடைபோட முடியாத நிலையில் செய்த ஒப்பந்தம் செல்லாது. ஷரீஅத்தும் அறிவற்ற நிலையில் செய்த ஹிபாவையும் வஸிய்யத்தையும் ஏற்பதில்லை. ஒருவர் இன்று முடிவெடுக்கும் தெளிவோடு இருக்கிறாரா என்று சோதித்து எழுதித் தருவதும் இத்துறை மருத்துவர்களின் வேலைதான். நோய் ஆரம்ப நிலையில் இருக்கும்போதே, அத்தாவின் விருப்பம் என்ன என்று அத்தாவிடமே கேட்டு, எல்லாப் பிள்ளைகளும் இருக்கும்போது முடித்துவிடுங்கள். மகள்களையும் அழையுங்கள்.

நம் பக்கத்தில் எங்கே தொடங்குவது

1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூரும், 2007இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரும் தனி மாவட்டமாயின. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. இரண்டிடத்திலும் மனநலப் பிரிவைக் கேட்டுப் போங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரை கொண்டு வருபவரிடமும் சொல்லி வையுங்கள். அந்த மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுவதே ஒரு தடுப்பு. உலக நிபுணர் குழு ஒன்று 2024இல், இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, புகை, காது கேளாமை, தனிமை உள்ளிட்ட 14 காரணங்களைக் கவனித்தால் 45 சதவீதம் வரை மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று கணித்தது. முதியோர் உதவி எண் 14567. மனநல ஆலோசனைக்கு 14416, இரவிலும் எடுப்பார்கள். தமிழிலேயே பேசலாம்.

மருத்துவரிடம் போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, திடீரென்றா மெல்ல மெல்லவா, என்னென்ன செய்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இருப்பவர் போக வேண்டும். துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் போய், 'எல்லாம் நல்லாத்தான் இருக்காங்க' என்று சொல்லித் திரும்பிய கதை எனக்குத் தெரியும். இரவில் விழித்திருந்த மருமகளை அறைக்கு வெளியே உட்கார வைத்திருந்தார்கள்.

வீட்டோடு ஆள் வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு ஓர் ஏஜென்சி அனுப்பியவர் இரண்டு நாளில் அந்தப் பாட்டியின் கையைக் கட்டிலோடு கட்டிவிட்டார். அவருக்கு யாரும் எதையும் சொல்லித்தரவில்லை. ஆள் கேட்கும்போதே, மறதிநோய் உள்ளவரை முன்பு கவனித்திருக்கிறாரா, சாப்பாடு மறுத்தால் என்ன செய்வார், அடிக்க வந்தால் என்ன செய்வார் என்று கேளுங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே தெரிந்துவிடும்.

இத்துறையில் படிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறது. செவிலியர் படிப்புக்குப் பின் மனநலச் செவிலியம், சமூகப் பணியில் மருத்துவ மனநலப் பிரிவு, மருத்துவ உளவியல், தொழில்முறைச் சிகிச்சைப் படிப்பு என எதன் வழியாகவும் வரலாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் முதியோர் மனநலத்துக்குப் பெயர்பெற்ற இடம். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா பல்கலைக்கழகம் மறதிநோயைப் புரிந்துகொள்ள ஓர் இலவச இணையப் பாடம் நடத்துகிறது. ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால் வீட்டிலிருந்தே படிக்கலாம், பராமரிக்கும் மருமகளும் படிக்கலாம்.

வளைகுடாவில் இருக்கும் மகன்களுக்கு ஒன்று. வீடியோ அழைப்பில், 'நான் யாருன்னு சொல்லுங்க பாப்போம்' என்று அம்மாவைச் சோதிக்காதீர்கள். 'அம்மா, நான் உங்க ரெண்டாவது மகன் பேசுறேன்' என்று நீங்களே பெயரோடு தொடங்குங்கள். பணம் அனுப்புவது சரி. அடுத்த விடுமுறையில் பத்து நாட்கள் இரவில் அம்மாவின் பக்கத்தில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைவியோ அண்ணியோ அந்தப் பத்து நாட்களும் தூங்கட்டும்.